சிங்கம் பார்த்தியாய்யா?

பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டபோது நன்றாக விடிந்திருந்தது. ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே, "எங்க போகணும் அண்ணாச்சி?" என்றார். "நாரணாபுரம்" என்றேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத விலாசம். நான் இருக்கும் ஊரில் இந்தியா என்று சொன்னாலே போதும். அதற்கு மேலும் கேட்பவர்கள், "மும்பையா?" என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன்.

நான் இருப்பது அருஷாவில், தான்சானியாவின் வடக்கில். செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, தரங்கிரே, மன்யாரா ஏரி என்று டிவியில் சிங்கமும் வரிக்குதிரையும் ஓடுகிற இடங்களுக்குப் போகிறவர்கள் முதலில் வந்து தங்கும் ஊர். இந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கிறது. வாசலில் கால் வைத்த ஐந்தாவது நிமிஷம் எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டுவிட்டாள்: "ஏய்யா, சிங்கம் பார்த்தியாய்யா?"

அம்மாவின் காலைத் தொட்டபோது என் வாயில் 'ஷிகாமோ' என்று வந்தது. அருஷாவில் பெரியவர்களைப் பார்த்தால் சொல்ல வேண்டிய வணக்கம். 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்பதுதான் அதன் மூலப் பொருள் என்பார்கள். பெரியவர் 'மரஹபா' என்று பதில் சொல்வார். அம்மா பதில் சொல்லவில்லை. என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுத்துட்டியே" என்றாள். கறுத்ததில் சூரியனுக்குப் பங்கில்லை. அருஷா கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டர் மேலே, மேரு மலையின் மடியில் இருக்கிறது. ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. இதைச் சொன்னால் நாரணாபுரத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. ஆப்பிரிக்கா என்றால் நெருப்பாகக் கொதிக்க வேண்டும் என்பது இங்கே முடிவான விஷயம். அதுவும் பங்குனி வெயிலில் வேர்த்துக்கொண்டே சொன்னார்கள்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்காக வந்தேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. மார்ச்சிலிருந்து மே வரை அங்கே 'மசிகா', பெருமழைக் காலம். சுற்றுலாக்காரர்கள் வரத்து அடங்கிவிடும், அச்சகத்தில் வேலை குறையும், அப்போதுதான் லீவு கேட்க முடியும். அம்மனும் மசிகாவும் ஒத்துப்போனது என் அதிர்ஷ்டம்.

நான் ஆப்செட் மெஷின்மேன். சிவகாசியில் எட்டு வருஷம் டெய்லி காலண்டருக்கு முருகனும் லட்சுமியும் அடித்தவன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. நாற்பது பேருக்கு நெருக்கமாகச் செத்துப்போனார்கள். மொட்டைமாடியில் நின்று அந்தப் புகையைப் பார்த்தோம். நான் பார்த்த வேலைக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அதுவரை "கடல் தாண்டியெல்லாம் வேண்டாம்" என்று மறித்துக்கொண்டிருந்த அம்மா, மறுவாரம் தானாகவே என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். ரெண்டு வருஷ ஒப்பந்தம் என்று சொல்லித்தான் போனேன். முதல் முதலாளி சம்பளத்தில் பாதியைப் 'பிறகு' என்று நிறுத்திவைத்தார். அந்தப் பிறகு வரவே இல்லை. வேறு அச்சகம் மாறினேன். அக்கா கல்யாணக் கடன், வீட்டுக்கு மேல்தளம், அப்புறம் கொரோனா. பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் போயிற்று.

அருஷாவில் நான் அடிப்பது காப்பித்தூள் பைக்கு லேபிள், லாட்ஜுகளுக்கு மெனு அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக சஃபாரி கம்பெனிகளின் பிரோஷர். ஸ்வாஹிலியில் சஃபாரி என்றால் வெறும் பயணம். மதுரைக்குப் பஸ்ஸில் போவதும் சஃபாரிதான். வெள்ளைக்காரன் அதை எடுத்துக்கொண்டுபோய் சிங்கத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டான். போன மறு வாரமே என் மெஷினில் சிங்கம் ஏறிவிட்டது. பிடரிக்கு மஞ்சள் எவ்வளவு, மெஜந்தா எவ்வளவு, கறுப்பு கொஞ்சம் கூடினால் கரடியாகிவிடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. லட்சக்கணக்கில் சிங்கம் அடித்திருக்கிறேன். உயிரோடு ஒன்றைப் பார்க்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இதைச் சொன்னதும் அத்தான் சிரித்தார். "பக்கத்துலதான இருக்கு, ஒரு எட்டு போய்ப் பாக்க வேண்டியதுதான?"

பக்கத்தில்தான். தரங்கிரேக்கு 120 கிலோமீட்டர். இங்கோரோங்கோரோவுக்கு மகுயூனியில் திரும்பி, கொசு ஆறு என்று பெயர் வைத்த ஒரு ஊரைத் தாண்டி, கராட்டு வழியாக மேலே ஏற வேண்டும். ஆனால் வாசலில் கட்டணம். தான்சானியாக்காரர்களுக்குச் சொற்பம்தான், என்னைப்போல வெளிநாட்டானுக்கு டாலர் கணக்கு. இங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் ஒரு வண்டி இறங்க மட்டும் தனியாக 200 டாலருக்கு மேல். அதற்கு லேண்ட் க்ரூஸர் வாடகை, டிரைவர் படி. அங்கே ஒரு நாள் போய்வரும் காசில் இங்கே அக்கா மகளுக்கு ஒரு வருஷ ஸ்கூல் பீஸ் கட்டலாம், கட்டினேன்.

2019-இல் ஒரு சின்ன சஃபாரி கம்பெனி பிரோஷர் பாக்கியைக் கொடுக்க முடியாமல், "காசுக்குப் பதிலாக இங்கோரோங்கோரோ போகும் வண்டியில் ஒரு இடம் தருகிறோம்" என்றது. பயணிகள் ரத்து செய்துவிட்டார்கள், வண்டிக்கு அனுமதி வாங்கியாயிற்று. டிரைவர் மசாய் இனத்தவன், என் வயது. மசாய் என்றால் சிவப்புப் போர்வையும் ஈட்டியுமாகக் காலண்டரில் நிற்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். இவன் காக்கிச் சட்டை போட்டு ஜெர்மன் பேசுவான். அவன் மனைவி அந்தப் பள்ளத்துக்குள் அதுவரை இறங்கியதில்லை என்பதை வழியில்தான் சொன்னான். அன்றைக்கு அவளையும் ஏற்றிக்கொண்டோம்.

விளிம்பில் நின்றால் பனிமூட்டம், ஒன்றும் தெரியாது. எரிமலை தன்மேலேயே இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. அடிப்பரப்பு 260 சதுர கிலோமீட்டர், ஆழம் 600 மீட்டர். கீழே இறங்க இறங்க மூட்டம் மேலே போய்விட, காட்டெருமையும் வரிக்குதிரையும் மாடு மேய்கிற மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது. அது அந்தச் சரிவில் இறங்குவதில்லை. மதிய வெயிலில் ஒரு பெண்சிங்கம் மெதுவாக நடந்து வந்து, எங்கள் ஊர் நாய் ஆபீஸ் லாரிக்கு அடியில் படுக்குமே, அதைப்போல எங்கள் வண்டி நிழலில் படுத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் வண்டியை எடுக்க முடியவில்லை. டிரைவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். என்னுடைய சிங்கக் கதை மொத்தமும் இவ்வளவுதான். நாரணாபுரத்தில் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். நாலாவது தடவையிலிருந்து சிங்கம் கொஞ்சம் உறுமவும் தொடங்கியது.

ஆபீஸ் என்றேனே, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இல்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். "அம்மா ஆபீஸுக்குப் போயிருக்கா" என்று நான் காலேஜில் சொன்னபோது மதுரைப் பையன்கள் என் அம்மாவை கிளார்க் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டினாள், பிறகு முப்பது வருஷம் புஸ்வாணத்துக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். வலது கட்டைவிரல் இன்னமும் உள்பக்கம் வளைந்தே இருக்கிறது.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்துதான் இந்த ஊர்களின் கதை ஆரம்பிக்கிறது. மழை பொய்க்கும் கரிசலில் ஈரமில்லாத காற்றுதான் மூலதனம். வேறு எதற்கும் ஆகாத வெயில், மருந்து காயவைக்க ஆகும்.

மருமகனோடு பழைய பாதையில் ஒரு நடை போனேன். ஆபீஸ்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வெள்ளையடித்த சின்ன அறைகள், நடுவே வேப்பமரம், அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்ற கணக்கு. ஆனால் உள்ளே நடப்பது மாறிவிட்டது. 2018-இல் சுப்ரீம் கோர்ட் பேரியம் நைட்ரேட்டும் சரவெடியும் கூடாது என்றது. பச்சைப் பட்டாசு என்று புது ரகம் வந்தது. டப்பாவில் கியூஆர் கோடு அச்சாகிறது. அச்சுக்காரனாக எனக்கு அந்தக் கறுப்புச் சதுரத்தின்மேல்தான் கண் போயிற்று. நிறங்கள் விலகாமல் ரெஜிஸ்டர் சுத்தமாக இருந்தது. சரவெடி பின்னிக்கொண்டிருந்தவர்களில் சிலர் இப்போது நூறுநாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிறார்கள். பக்கத்து வீட்டு மதினி சொன்னாள்: "டெல்லியில மூச்சு முட்டுனா இங்க சோறு முட்டுது." டெல்லிக் குழந்தைகளின் மூச்சும் நிஜம்தான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2020-இல் இரண்டு ஊரும் ஒரே மாதிரிப் படுத்தன. அருஷாவில் லேண்ட் க்ரூஸர்கள் வரிசையாகத் தார்ப்பாய் போர்த்தி நின்றன. ஜெர்மன் பேசும் என் நண்பன் சாலையோரம் வாழைத்தார் விற்றான். எனக்கு அரைச் சம்பளம். போனில் அம்மா, டெல்லியிலும் ராஜஸ்தானிலும் இந்தத் தீபாவளிக்கு வெடிக்கக் கூடாதாம், குடோனில் சரக்கு கிடக்கிறதாம் என்றாள். வாங்குகிற ஆள் எங்கேயோ இருக்கிறான். அவன் வராவிட்டால் எங்கள் இரண்டு ஊரிலும் அடுப்பு எரியாது. அருஷாவுக்கு வந்த புதிதில் அது எனக்கு அந்நியமாகப் படாததற்குக் காரணம் இதுதான் என்று அன்றைக்கு விளங்கிற்று. தீபாவளியன்று வெடிக்க எங்கள் வீட்டில் என்றைக்கும் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. டிரைவரின் மனைவி 2019 வரை பள்ளத்துக்குள் இறங்காததும் அந்த வகைதான்.

இன்னொரு விஷயம் வெட்கத்தோடு சொல்கிறேன். எங்கள் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். 2021 பிப்ரவரியில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. அதற்கு முன்பே, 1988 முதல், சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், பால்கோவா, திரும்பி வந்துவிடுவோம். சதுரகிரிக்கு அமாவாசையில் அப்பா போயிருக்கிறார், அது சாமிக்காக.

ஒரு வேன் பிடித்து எல்லாரையும் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனேன். வழியில் உடைமரங்கள். சஃபாரி பிரோஷரில் சூரியன் அஸ்தமிக்கிற படத்தில் குடைமாதிரி ஒரு மரம் நிற்குமே, அதன் சொந்தக்காரன்தான் எங்கள் உடைமரம். அங்கே அதை டாலர் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். இங்கே ஆடு தின்றதுபோக மிச்சத்தைச் சீமைக்கருவேலம் தின்றுவிட்டது. மலையடிவாரத்தில் பளியர்கள் இருக்கிறார்கள். காடு அவர்களுடையதாக இருந்து, பிறகு சரணாலயமாகி, இப்போது காப்பகம். இங்கோரோங்கோரோவிலிருந்து மசாய்க் குடும்பங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வேலை 2022-இலிருந்து நடக்கிறது. என் நண்பனின் சித்தப்பா வீடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்ததில் அணிலை நான் பார்க்கத் தவறியிருப்பேன்.

அம்மாதான் பார்த்தாள். மாமரத்தின் உச்சியில் இலைகளைப் பந்தாகச் சுருட்டி வைத்த கூடு, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிளையில் குப்புறப் படுத்துக்கிடந்தது. சாம்பல் பூசிய மாதிரி முதுகு, கீழே தொங்கும் புசுபுசு வால். வீட்டு அணிலைப்போல நாலைந்து மடங்கு. அம்மா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். "தீப்பெட்டி லேபிள்ல பாத்தது. இம்புட்டுப் பெருசா இருக்கும்னு நினைக்கலை" என்றாள். பிறகு அக்கா மகளிடம், "நான் பாத்துட்டேன், உங்க மாமனுக்குக் காட்டு" என்றாள்.

கிளம்புகிற அன்று பெட்டியில் ஊறுகாய்க்கும் பால்கோவாவுக்கும் இடையில் ஒரு பண்டல் தீப்பெட்டி செருகியிருந்தது. அங்கே தீப்பெட்டி கிடைக்காதோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். கிடைக்கும் என்றேன்; ஸ்வாஹிலியில் அதற்குக் 'கிபிரிதி' என்று பெயர், விமானத்தில் இதையெல்லாம் விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். பண்டலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, குச்சியைக் கொட்டி, காலிப் பெட்டி ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சீட்டா ஃபைட். ஆள் ஒருவன் விலங்கோடு மல்லுக்கட்டும் படம், சின்ன வயதில் எனக்குத் தெரிந்த ஒரே காடு.

அருஷாவில் டிரைவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். சீட்டா மனிதனோடு சண்டைக்கு வராது, கழுதைப்புலி வந்தாலே தன் இரையை விட்டுவிட்டு ஓடிவிடும் என்றான். படத்தைக் கத்தரித்து லேண்ட் க்ரூஸரின் டாஷ்போர்டில் ஒட்டிவிட்டான். வண்டியில் ஏறுகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவன் அதை இரண்டாக உடைத்து 'சிவா காஸி' என்கிறான். ஸ்வாஹிலியில் காஸி என்றால் வேலை.