நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் வேடசந்தூர் வந்துவிடும். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் பேகம்பூரையும், பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற திண்டுக்கல் நகரத்தையும் கடந்து வெளியே வந்ததும் மலைகள் பின்வாங்கிக்கொள்கின்றன. வெயில் காயும் சமவெளி விரிகிறது. செம்மண் மேடுகள், முருங்கைத் தோட்டங்கள், சோளக் கொல்லைகள், அவற்றுக்கு நடுவே நூற்பாலைகளின் நீண்ட மதில்கள் என்று காட்சி மாறிக்கொண்டே வருகிறது.

ஊரை ஒட்டிக் குடகனாறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். பழனி மலைத்தொடரின் கீழ்ச் சரிவுகளில் பிறந்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, வேடசந்தூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் அமராவதியுடன் கலக்கும் இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆனால் மழை வலுத்துவிட்டால் அதன் முகமே வேறு. 1977ஆம் ஆண்டுப் பெருமழையில் அழகாபுரியில் குடகனாற்று அணை உடைந்ததைப் பற்றி இன்றும் முதியவர்கள் குரல் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

புகையிலையும் பஞ்சும்

வேடசந்தூர் வட்டாரம் ஒரு காலத்தில் புகையிலையால் அறியப்பட்டது. புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கே அமைந்தது. இன்று இவ்வட்டாரத்தின் வாழ்க்கையை நிர்ணயிப்பது பஞ்சு. விடியுமுன்பே ஆலை வேன்கள் சிற்றூர்தோறும் நின்று பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. ஒரு ஷிப்ட் முடிந்தவர்கள் இறங்க, அடுத்த ஷிப்டுக்குச் செல்பவர்கள் ஏறுகிறார்கள். வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் ஆலைகளைச் சுற்றிக் குடியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாய் ஆலையில் இருக்கிறாள். தந்தை கொல்லையிலோ, லாரியிலோ, வெளியூரிலோ இருக்கிறார். அப்படியானால் ஆறு வயதுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச் செல்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் பாட்டிதான். பாட்டி கைப்பிடித்துக் கூட்டிச் செல்லக்கூடிய தூரம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தக் குழந்தையின் கல்விக்கு எல்லை!

இங்குள்ள சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியைப் பார்த்தேன். இரண்டு வகுப்பறைகள், ஒரு வேப்பமரம், சத்துணவுக்கூடம், சுவரில் அழிந்தும் அழியாமலும் தெரியும் ஆத்திசூடி. பிள்ளைகள் இருபது பேருக்கும் குறைவு. ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். மரத்தடியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “வாங்க பாய், உட்காருங்க” என்று திண்ணையைத் துடைத்துவிட்டார். பேச்சு பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது.

“ஒவ்வொரு ஜூன் மாசமும் இதே பேச்சுதான். பிள்ளைங்க குறைஞ்சுபோச்சு, பெரிய ஊர் ஸ்கூலோட சேர்த்துருவாங்கன்னு சொல்றாங்க. சேர்த்துட்டா இந்தப் பொடிசுங்க நாலுவழிச் சாலையைத் தாண்டிப் போகணும். நாங்க விடமாட்டோம்” என்றார்.

அவர் சொல்லி முடிக்கும் நேரத்தில் மஞ்சள் நிற வேன் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. தனியார் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் ஓடி வந்து பெரியவரின் மடியில் ஏறிக்கொண்டான். அவருடைய பேரன்! பெரியவர் சிரித்துக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வாக்கில் ஊசலாடிய பள்ளிகள்

சிற்றூர்ப் பள்ளிக்காக மக்கள் குரல் எழுப்புவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1953–54 கல்வியாண்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. இரு பிரிவாகப் பிள்ளைகள் வருவார்கள். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே அதிகப் பேருக்குக் கற்பிக்கலாம் என்பது கணக்கு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். எதிர்ப்பு மாகாணமெங்கும் பரவியது.

1953 ஜூலை இறுதியில் இப்பிரச்சினை சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138 வாக்குகள், எதிராக 138 வாக்குகள்! சபாநாயகரின் வாக்கினால் அது தோற்றது. ஆனால், திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் 139க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. அமைக்கப்பட்ட பருலேகர் குழுவோ திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. எனினும் மக்களின் எதிர்ப்பு தணியவில்லை. இராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் நாம் அதிகம் நினைவிற்கொள்ள வேண்டியது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை’ ஊர்தோறும் நடத்தினார். ஊர் மக்களே நிலம் தந்தார்கள், கரும்பலகை தந்தார்கள், மேசை, நாற்காலி, மணி, கடிகாரம் தந்தார்கள். மதிய உணவுக்கு அரிசியும் விறகும் தந்தார்கள். தமிழ்நாட்டின் பல சிற்றூர்ப் பள்ளிகள் அரசின் சொத்துப் பட்டியலில் இருந்தாலும், அவற்றில் ஊராரின் வியர்வை கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளியை ஒரு சுற்றறிக்கையால் மூடிவிடலாம் என்று எண்ணும்போது மக்கள் கொதிப்பதில் வியப்பில்லை.

பிற மாநிலங்களின் அனுபவம்

இன்று ‘மூடல்’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. ‘இணைப்பு’ என்பதே வழக்கு. ராஜஸ்தானில் 2014ஆம் ஆண்டு 17,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இணைக்கப்பட்டன. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூன் 16 அன்று, பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளுடன் இணைக்க ஆணை பிறந்தது. சீதாபூர் மாவட்டத்தைச் சேர்ந்த 51 குழந்தைகளின் பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஜூலை 7 அன்று அதைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டை விசாரித்த இருவர் அமர்வோ, சீதாபூரில் இருந்த நிலையே தொடர வேண்டும் என்று ஜூலை 24 அன்று உத்தரவிட்டது. அம்மாத இறுதியில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளியுடன் இணைக்க மாட்டோம் என்று அரசே அறிவித்தது. மக்கள் கேட்டதால் கிடைத்த ஒரு கிலோமீட்டர் அது!

நம் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டு, ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக மாற்ற அரசு முடிவு செய்தது. நூலகம் நல்லதுதான். ஆனால் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் போய், படிக்க மட்டும் இடம் இருந்தால் போதுமா?

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பே குறைந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தாம். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் கவனித்தால் எந்த வகுப்பும் உருப்படாது. தன் வயதில் ஒரு தோழிகூட இல்லாமல் மூன்றாம் வகுப்பில் தனியே அமர்ந்திருக்கும் சிறுமியின் நிலையும் பரிதாபமானதே. ஆகவே, எந்தப் பள்ளியையும் எக்காலத்திலும் இணைக்கவே கூடாது என்பது நம் வாதமன்று. தலைகளை எண்ணுபவர்கள் தூரத்தையும் எண்ண வேண்டும் என்பதே நம் வாதம்.

சட்டமும் அதையே சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். ஆனால் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரிவது, நடுவே நெடுஞ்சாலை இருந்தால் ஆறு வயதுக் குழந்தைக்கு எட்டாத தூரம். குடகனாற்றில் வெள்ளம் வரும் நாளில் அக்கரையில் உள்ள பள்ளி அயல்நாட்டில் உள்ள பள்ளிதான்.

மக்தபும் பள்ளிக்கூடமும்

இது நம் சமுதாயத்தை எவ்வாறு தொடுகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் நம் பிள்ளைகள் மக்தபுக்கு வருகிறார்கள். எட்டு மணி அளவில் பாடம் முடிகிறது. வீட்டுக்கு ஓடி, புத்தகப்பையை மாட்டிக்கொண்டு, தெருக்கோடியில் உள்ள பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தினால் பசியாறும் கவலையும் குறைந்திருக்கிறது.

பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போனால் என்ன ஆகும்? பேருந்து ஏழே முக்காலுக்கே வந்துவிடும். பிள்ளை மக்தபை விட வேண்டும். அல்லது காலை உணவை விட வேண்டும். மக்தபை மூடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அதன் பாய்கள் சுருட்டப்பட்டுவிடும். பத்துப் பதினைந்து முஸ்லிம் வீடுகளே உள்ள சிற்றூர்களில் இது மிக விரைவாக நடக்கும்.

பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் நுட்பமானது. ஆண்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருவோம். பெண்பிள்ளையிடம், “ஐந்தாவது வரை படித்தது போதும்மா” என்போம். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் குழந்தைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே போகவில்லை அல்லது பாதியில் நின்றுவிட்டார் என்று இந்திய அளவில் எடுத்துக்காட்டியது. பள்ளி விலகிப் போகப் போக அந்த நால்வரில் ஒருவர், நம் வீட்டுப் பெண்ணாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

தீர்மானமும் பதிவேடும்

கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது நம் உரிமை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் அதற்காகவே இருக்கின்றன. ஜமாஅத்தார், “அது ஊர்க்கூட்டம், நமக்கென்ன?” என்று ஒதுங்கி நிற்கலாகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்களுக்கு அங்கே நாற்காலி உண்டு. அது காலியாகக் கிடக்க வேண்டியதில்லை.

இணைப்பு என்ற பேச்சு எழுந்தால் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். புதிய பள்ளிக்குப் பிள்ளையின் காலடியில் எவ்வளவு தூரம்? வழியில் சாலை, ஆறு, ரயில் பாதை உண்டா? வாகனம் தருவீர்களானால் எத்தனை ஆண்டுகளுக்குத் தருவீர்கள்? இந்தக் கட்டடம் இனி யாருக்கு? இக்கேள்விகளைக் கேட்பதற்கு முன், அதிகாரியையும் அழைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்ப்பது மிக நன்று.

ஆனால், இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. கிராம சபையில் நூறு பேர் கை உயர்த்தலாம். அந்த நூறு பேரின் பேரப்பிள்ளைகளும் மஞ்சள் வேனில் போனால், அத்தீர்மானத்தை யார் மதிப்பார்கள்? 1953இல் ஒரு வாக்கில் பள்ளிகளின் கதி ஊசலாடியது. இன்றோ ஒவ்வொரு சிற்றூரிலும் பள்ளியின் வருகைப் பதிவேடுதான் வாக்குச்சீட்டு. அதில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் பள்ளி வேண்டும் என்பதற்கான ஒரு வாக்கு. ஆசிரியர் போதவில்லை என்றால் கூடுதல் ஆசிரியர் கேட்போம். ஆங்கிலம் போதவில்லை என்றால், ஊரில் பட்டம் பெற்ற இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லித் தரட்டும். குறையைச் சொல்லிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பள்ளியை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்பது நியாயமாகாது.

அன்றைய பெரியவர்கள் நிலமும் மணியும் கடிகாரமும் தந்தார்கள். நம்மிடம் யாரும் நிலம் கேட்கவில்லை. பிள்ளையைத்தான் கேட்கிறார்கள். வரும் ஜூன் மாதத்தில் பதிவேடு திறக்கப்படும்போது, அதில் நம் தெருவின் பெயர்களும் இருக்கட்டும்.