மார்பெலும்பில் ஓர் ஊசி

பந்தயக் குதிரையின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கமாக நீவினால் கயிறு போல ஒரு தசைநாண் தட்டுப்படும். முழு வேகத்தில் ஓடும்போது அது கிட்டத்தட்ட அறுகிற அளவுக்கு நீளும். அந்த இடம் சுட்டாலே எனக்கு மனசு கனத்துவிடும். ஸ்கேனில் வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஓட்டை தெரியும்.

காயம் ஆறிவிடும், ஆனால் தழும்பாக ஆறும். தழும்பு நீண்டு கொடுக்காது. மறுபடி ஓடவிட்டால் பல குதிரைகளுக்கு அங்கேயே, அல்லது அதை ஒட்டியே அறுகிறது. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித் குழு, குதிரையின் சொந்த மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பெருக்கி அந்த ஓட்டைக்குள் செலுத்தியதை 2003-இல் வெளியிட்டது.

மஜ்ஜை எடுப்பது இன்றும் எனக்கு மூச்சடக்கிச் செய்கிற வேலை. மயக்கத்தில் தலை தொங்க, குதிரை நின்றபடியே இருக்கும். முன்னங்கால்களுக்குப் பின்னால் குனிந்து, மார்பெலும்பைத் தேடி, மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியைத் திருகித் திருகி ஏற்றுவேன். எலும்பின் மேலோடு வழிவிடுவது உள்ளங்கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு மிகக் கொஞ்சம்தான் போகலாம். எலும்புக்கு மேலே இதயம் இருக்கிறது. முதலில் வரும் சில மில்லிதான் செல் நிறைந்தது. பேராசைப்பட்டு இழுத்தால் வெறும் ரத்தம்தான் வரும். ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்ந்து, ஒரு கோடி செல்லாகத் திரும்பும்.

ஆரம்பத்தில் ஒரு குதிரைக்கு, அடிபட்டு நாலு மாதம் கழித்துப் போட்டேன். ஊசி தோலுக்குள் அல்ல, செருப்புத் தோலுக்குள் போவது போல இருந்தது. மருந்து பின்னாலேயே வழிந்தது. தழும்பு இறுகிவிட்ட காலில் செல்லுக்கு இடமே இல்லை. தாமதித்தது என் தவறு.

செலுத்திய செல்களே தசைநாணாக மாறும் என்றுதான் முதலில் நம்பினோம். பெரும்பாலானவை சில நாட்களில் காணாமல் போகின்றன. போவதற்குள் அழற்சியைத் தணித்து, ஆறும் விதத்தைத் திருத்துகின்றன என்றே இப்போது கருதுகிறோம். பலன் இருக்கிறது. 2012-இல் வெளியான, 141 குதிரைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் மறுபடி காயப்பட்டவை சுமார் 27 சதவீதம்தான். பழைய சிகிச்சைகளில் பாதிக்கு மேல்.

"ஊசிதான் போட்டாச்சே டாக்டர், எப்ப ஓடலாம்?" என்று கேட்காத உரிமையாளர் இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் என்பேன். அவர் முகம் வாடும். முதலில் தினம் சில நிமிஷம் கையில் பிடித்து நடை, வாரவாரம் கொஞ்சம் கூட. அதை நடத்துபவர் குதிரைக்காரர்தான். விடியற்காலையில் லாயத்துக்குப் போனால், எனக்கு முன்பே குனிந்து புறங்கையால் காலைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

"இன்னிக்குச் சூடு இல்லீங்க சார்."