நேற்று மக்கா, இன்று சார்

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆளுக்குப் புரமோஷன் வந்திருக்கிறது என்பதை ஆர்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. காதால் கேட்டாலே போதும். நேற்று சாயங்காலம் வரை, "மக்கா, வாறியா? ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்" என்று தோளில் கை போட்டவர்கள், இன்று காலையில் கதவோரம் நின்று, "சார், உள்ள வரலாமா?" என்பார்கள். சம்பளம் எவ்வளவு கூடியது என்பது மாதக் கடைசியில்தான் தெரியும். மக்கா போய் சார் வந்த விஷயம் முதல் நாளே தெரிந்துவிடும்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. பல வருஷம் கூட உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கே நான் மானேஜர். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் புரமோஷனோடு வேலையும் சேர்ந்து போய்விடும்.

அட்வைஸுக்குப் பஞ்சமே இல்லை. மாமனார், "மாப்பிள, முத வாரமே ரெண்டு பேருக்கு மெமோ குடுத்திரணும். அப்பதான் ஒரு பயம் இருக்கும்" என்றார். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், "சிரிச்ச முகமா இரும்வே. கையெழுத்தை மட்டும் லேசில போட்டிராதேயும்" என்றார். மனைவியின் அட்வைஸ்தான் சுருக்கம்: "ஆபீஸ்ல மானேஜரா இருங்க. வீட்டுல அந்தப் போஸ்ட் காலி இல்ல."

நிர்வாகப் புத்தகங்களும் இரண்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாம் அமெரிக்கக் கார் கம்பெனிக் கதைகள். எனக்கு வேண்டிய ஆசாமி அமெரிக்காவில் இல்லை. நம் ஜில்லாவிலேயே, தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். பெயர் டிலனாய்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். மிளகு வியாபாரத் தகராறில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் குளச்சலில் படையை இறக்கினார்கள். 1741-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டிலனாய். அவர் சரணடையும் காட்சியை பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாகவே வைத்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் ஆபீஸில் பட்ட அவமானம் நாலு பேரோடு போயிற்று. அந்த மனிதருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள்!

அந்தக் கைதிதான் பின்னால் திருவிதாங்கூர் படைக்கே 'வலிய கப்பித்தான்' ஆனார். யோசித்துப் பாருங்கள். தன்னைத் தோற்கடித்த ஆட்களுக்கே மேலதிகாரி. பாஷை வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. உங்களுக்கும் எனக்கும் வந்த சங்கடம் இதில் எந்த மூலைக்கு?

எப்படிச் சமாளித்தார்? எடுத்த எடுப்பிலேயே படை முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் ராஜாவின் மெய்க்காப்புப் படையில் ஒரு சிறு பகுதிக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள் என்கிறது திருவிதாங்கூர் சரித்திரம். அணிவகுப்பு, துப்பாக்கி, ஐரோப்பிய முறை ஒழுங்கு. அந்தச் சிறு கூட்டம் தேறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் அவர் கைக்கு வந்தது. உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரமாக நிற்கிற வட்டக்கோட்டையும் அவர் கைவேலைதான்.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் சொல்ல முடியாமல் போன ஒரு வசனம். புதிதாக வருகிற மானேஜர்கள் அத்தனை பேரும் சொல்வது: "எங்க பழைய ஆபீஸ்ல எல்லாம்..." டிலனாய் மட்டும், "எங்க டச்சுக் கம்பெனியில எல்லாம்..." என்று ஆரம்பித்திருந்தால், "அதத்தான் குளச்சல்ல பாத்தோமே சாரே" என்று ஒருத்தன் சொல்லியிருப்பான். வாயால் ஜெயிக்க வழியில்லை. வேலையைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆபீஸ் முழுவதையும் திருத்தப் போகவில்லை. ஒரே ஒரு மேஜை. பழைய புகார்க் கடிதங்கள் கட்டுக்கட்டாகத் தூங்குகிற மேஜை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நானே அங்கே போய் உட்காருவது. கூட இரண்டு பேர். ஒருவன் தற்காலிக வேலையில் இருந்த சின்னப் பையன். இன்னொருவர் அண்ணாச்சி.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினோரு வருஷம் சீனியர். நியாயமாகப் பார்த்தால் இந்த நாற்காலி அவருக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு ஆர்டர் வந்த அன்றிலிருந்து என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். அந்த 'சாரை'த் தராசில் வைத்தால் நாலு கிலோ தேறும். நான் மட்டும் அவரைப் பழையபடி அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன்; ரூமுக்குக் கூப்பிட்டு விடாமல் அவர் மேஜைக்கே போனேன். எந்தக் கட்டில் எந்தக் கடிதம் என்பது அவருக்குத்தான் மனப்பாடம். மூன்றாவது வாரம், "சார்"ரின் எடை கொஞ்சம் குறைந்தது. இரண்டு மாதத்தில் மேஜையின் பலகை தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரர், "நம்ம கட்டுக்கும் ஒரு நாள் வாருங்க சார்" என்று அவராகவே வந்து கேட்டார்.

இத்தோடு நிறுத்தினால் இது அமெரிக்கப் புத்தகம் ஆகிவிடும். மானேஜர் என்றால் எல்லாம் முடியும் என்பதில்லை. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசு அலுவலர். டிலனாயிடமிருந்துதான் அவர் கிறிஸ்துவைப் பற்றித் தெரிந்துகொண்டார். 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு, டிலனாய்க்கு அரண்மனையில் இருந்த மதிப்பு அந்த உயிரைக் காப்பாற்றவில்லை.

அந்தப் பெரிய துயரத்தோடு ஆபீஸ் சமாசாரத்தை ஒப்பிடுவது தகாது. ஆனாலும் அந்தச் சின்னப் பையனை நீட்டிக்க முடியாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வந்தது. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். நேரில் போயும் கேட்டேன். நடக்கவில்லை. கடிதத்தைப் பியூன் கையில் கொடுத்தனுப்பாமல் நானே அவனை உட்கார வைத்துச் சொன்னேன். அவன் என்ன வேலை செய்தான் என்று விவரமாக ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி அவனை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர், "ஒம்ம கையில உள்ளத நீரு செஞ்சாச்சு. விடும்" என்றார். அன்றைக்கு 'சார்' இல்லை.

டிலனாய் சுமார் 37 வருஷம் இரண்டு ராஜாக்களிடம் வேலை பார்த்து, 1777 ஜூன் 1-ம் தேதி காலமானார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய நிஜமான சான்றிதழ் அது இல்லை. வடக்கே அவர் பலப்படுத்திய நெடுங்கோட்டை அரண்மேல் திப்பு சுல்தான் படையெடுத்தது 1789 டிசம்பரில். மனிதர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் முதல் தாக்குதலைத் திருவிதாங்கூர்ப் படை அடித்து விரட்டியது. மறு வருஷம் திப்பு பெரும் பீரங்கிகளோடு வந்து அரணை உடைத்தது வேறு விஷயம். சொல்லிக் கொடுத்தவன் இல்லாத இடத்திலும் சொல்லிக் கொடுத்தது நின்றதே, அதுதான் விஷயம்.

அது போன்ற சான்றிதழ் எனக்கும் ஒன்று வந்தது. ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன். மூன்றாம் நாள் இருப்புக் கொள்ளாமல் ஆபீஸுக்குப் போன் போட்டு, ஏதாவது பிரச்னையா என்று கேட்டேன். எடுத்தது அண்ணாச்சி.

"ஒரு பிரச்னையும் இல்ல. எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கு. நீரு பைய வாரும்" என்றார்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.