பச்சை ஏப்ரன்

ஞாயிறு, மும்பை

மெக்டொனால்ட்ஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குஜராத்திப் பாட்டி. பேரனுக்கு ஆலு டிக்கி பர்கர் வேண்டும். பாட்டியோ உள்ளே எட்டிப் பார்த்து, கோழி பொரிக்கும் எண்ணெயில்தான் இதையும் போடுகிறீர்களா என்று கேட்டார். சைவத்துக்குத் தனி எண்ணெய், தனி இடம், தனி ஆட்கள் என்று சொல்லி, பச்சை ஏப்ரன் கட்டியவரைக் காட்டினாள் கவுன்டர் பெண். அதற்குப் பிறகே பாட்டி பர்ஸைத் திறந்தார்.

1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் இவர்களின் முதல் இந்தியக் கடை வந்தது. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத மெனு, பிக் மேக் இருந்த இடத்தில் ஆட்டிறைச்சி வைத்த மகாராஜா மேக். இதெல்லாம் பலகையில் எழுதிவிடக்கூடிய மாற்றம். சமையலறையைப் பிரிப்பதற்கு இடமும் பணமும் ஆளும் வேண்டும். மயோனைஸில்கூட முட்டையை விலக்கினார்கள். மும்பையில் இவர்களுக்குக் கூட்டாளியாக அமைந்த அமித் ஜாத்தியா சைவக் குடும்பத்தவர். அந்தப் பாட்டியின் கேள்வி அவர் வீட்டுக் கேள்வியும்தான்.

செவ்வாய்

காய்கறி வியாபாரி ஒருவரோடு நெடுநேரம் பேசினேன். பர்கருக்கான ஐஸ்பர்க் லெட்யூஸ் வெயில் தாங்காது. வயலிலிருந்து கடைவரை குளிர் விடாமல் வர வேண்டும். அன்று இங்கே அப்படி ஒரு வழியே இல்லை. கடை திறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே விவசாயிகளைத் தேடிப்பிடித்து, குளிர்வண்டிகளை ஏற்பாடு செய்தார்கள். உருளைக்கிழங்கு இன்னும் படுத்தியது. நம் குழம்புக் கிழங்கில் நீர் அதிகம், பொரித்தால் துவண்டுவிடும். சர்க்கரை கூடினால் எண்ணெயில் கறுக்கும். ஆகவே பிரெஞ்ச் ஃப்ரைஸ் பல காலம் இறக்குமதிதான். பிறகே குஜராத்தில் அதற்கேற்ற ரகங்கள் பரவின. விளம்பரத்தைவிட இந்த வயல் வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வெள்ளி

2001ஐ எழுதாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் விற்ற ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சாரம் சேர்ந்திருந்தது வெளியே வந்தது. தாவர எண்ணெயில் பொரித்தது என்று நம்பிச் சாப்பிட்ட சைவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் சாரமே சேர்ப்பதில்லை என்று சொல்லியும் தாணேயில் கடையை அடித்து நொறுக்கினார்கள். அது கொடுமை. ஆனாலும் சைவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அங்கே சொல்லாமல் விட்டதன் விலையை, தனி ஏப்ரன் கட்டி உழைத்த இந்தப் பிள்ளைகள் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பெயரில் கடை போடுகிறவர், அந்தப் பெயரில் மற்ற நாடுகளில் எதெதைச் சேர்க்கிறார்கள் என்ற முழு விவரத்தையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.