பாட்டி தந்த அகல்கள்

சகோதரிகளான எங்களுக்குச் சிறுவயதில் கிடைத்த பரிசுகள் பல. பொம்மைகள் உடைந்தன, பட்டுப்பாவாடைகள் சிறுத்தன. பாட்டி ஆளுக்கொன்றாகத் தந்த மண் அகல்கள் மட்டும் இன்றும் உள்ளன. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகே திருவண்ணாமலையில் வீட்டு விளக்குகளை ஏற்றுவோம். பொறுமையாய்க் காத்திருக்க அந்த அகல்களே எங்களைப் பழக்கின.

2024 டிசம்பர் 1 அன்று, பெருமழையில் மலையடிவார வீட்டின்மேல் மண் சரிந்து எழுவர் மாண்டனர்; அவர்களுள் ஐவர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று தீபம் தெரிந்தும் எங்கள் கைகள் தயங்கின. "இந்த வருஷம் அந்தப் பிள்ளைங்களுக்காக ஏத்துங்கம்மா" என்றார் பாட்டி. ஏற்றினோம். பரிசின் பொருளை அன்றுதான் உணர்ந்தோம்.