தொலைந்ததைச் சொல்லாத குற்றம்

ராயகிரியில் மலையடிவாரத் தோட்டக்காரர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் மக்காச்சோளத்தை உழுதுபோட்டுவிட்டுப் போய்விடும். என் கட்சிக்காரரிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கிற பழைய ரகம். பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த ரகத்துக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவிலேயே இடமுண்டு. (அந்த உரிமத்தைக் காட்டிப் பன்றியைச் சுட்டுவிட முடியாது, அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். இதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை.)

பம்புசெட் அறையின் கொண்டியை உடைத்து யாரோ துப்பாக்கியைக் கொண்டுபோய்விட்டார்கள். மனிதர் வாயே திறக்கவில்லை. 2021 பிப்ரவரி 26 அன்று தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தது. உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று தகவல் வந்ததும் உரிமப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். “ஏன் புகார் கொடுக்கவில்லை?” என்றேன்.

“சொன்னா என்னயத்தானய்யா புடிச்சு உள்ள வைப்பாவ!”

நாங்கள் மனு எழுதிக் கொடுப்பதற்குள், முயல் வேட்டைக்குப் போன இருவரிடம் ஒரு துப்பாக்கி பிடிபட்டது. அதில் இருந்தது இவர் உரிமத்தில் உள்ள எண். வேட்டைக்கு இரவல் கொடுத்தார் என்று 29ஆவது பிரிவு. உரிம நிபந்தனையை மீறினார் என்று 30ஆவது பிரிவு.

ஆயுதம் திருடு போனாலோ தொலைந்தாலோ தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்திலேயே அச்சாகியிருக்கும் நிபந்தனை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐந்து நாள் கெடு வைத்திருக்கிறார்கள். அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டமோ வியாபாரிகளுக்கு 48 மணி நேரம் விதித்துவிட்டுச் சாதாரண உரிமையாளர்களை விட்டுவிட்டது. நம் நிபந்தனையில் நாள் கணக்கு இல்லை. அதைப் பிடித்து வாதாடலாம் என்று இளைய வக்கீல் ஒருவர் சொன்னார். வாரக்கணக்கில் வாய் மூடியிருந்தவருக்கு அது எப்படி உதவும்?

இரவல் குற்றச்சாட்டுதான் ஆபத்தானது. புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீதை நீட்டியதோடு முடிந்திருக்கும். அது இல்லாததால், உடைந்த கொண்டியை ஒட்டவைத்த வெல்டிங் பட்டறைக்காரரின் கணக்கு நோட்டைத் தேடிப் பிடித்தோம். துப்பாக்கி பிடிபடுவதற்கு முந்தைய தேதியில் அந்த வேலை எழுதப்பட்டிருந்தது. அவரும் கூண்டேறிச் சொன்னார். குறுக்கு விசாரணையில் அசையவில்லை.

துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒன்று சொல்வேன்: காணோம் என்று தெரிந்த அன்றே எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிவிடுங்கள்.

29ஆவது பிரிவிலிருந்து அவர் விடுதலையானார். 30ஆவது பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,000 ரூபாய் அபராதம் கட்டினார். உரிமம் ரத்தானது.