கதவு திறந்த பின்

தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அம்மம்மா என் கையை இறுகப் பற்றுவார். கண்புரையோடு கண்ணழுத்தமும் சேர்ந்திருந்த அவருக்குச் சந்நிதி வீதியின் விளக்குகள் வெறும் மங்கலாகவே தெரிந்தன. "அழுத்தம் இருக்கிற கண்ணிலை கத்தி வைச்சால் உள்ளதும் போயிடும், பிள்ளை" என்று ஓராண்டு காலம் மறுத்தார்.

விளக்கம் சொல்ல இவ்வூரே எனக்கு உவமை தந்தது. கண்ணினுள் ஓயாது சுரக்கும் நீர், கருவிழியோரத்துச் சல்லடை போன்ற வழியால் வடிகின்றது. வயதோடு தடித்த வில்லை கதிராளியை முன்னே தள்ளுமாயின் அவ்வழி ஒடுங்கும். மாரியில் வான்கதவு திறவாத நீரேரி போல அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசமே இயல்பளவு. அவ்வில்லையை அகற்றி மெல்லிய செயற்கை வில்லையைப் பொருத்தினால் வழி விரிந்து அழுத்தம் தணிவதுண்டு. எனினும் முதல் நாள்களில் அது தற்காலிகமாக உயரவுங்கூடும்; ஸ்ரெறொயிட் துளிகளாலும் சிலருக்கு உயரும்.

சிகிச்சையின் மறுநாள் அழுத்தம் 28. நான் நடுங்கினேன். மருந்திட்டனர், ஒரு வாரத்தில் 16 ஆயிற்று. நரம்பு நலிந்ததால் இழந்த பக்கப்பார்வை மீளவில்லை, துளிமருந்தும் நிற்கவில்லை. ஆயினும் சென்ற திங்கள் பாலத்தில் அவர் என் கையை விட்டு, நீரேரியில் நின்ற நாரைகளை எண்ணினார்.

உவமை சொன்ன எனக்கு அன்றுதான் ஒன்று விளங்கிற்று: கதவு திறந்த பின்னும் நீர்மட்டத்தைப் பார்த்திருக்க ஒருவர் வேண்டும்.